பதினேழாவது கேள்வி

பெரம்பலூர்
12 ஜனவரி 2025

முத்தமிழ்செல்வனுக்கு,

தபால்காரர் இதைக் கொண்டுவந்து கொடுக்கும்போது உனக்குச் சிரிப்பு வரலாம். இங்கிருந்து அரியலூருக்கு ஒரு மணி நேர பஸ். ஆளுக்கொரு போன் இருக்கிறது. இருந்தும் தபால்தலை ஒட்டுகிறேன் என்றால் காரணம் நீதான். வியாழக்கிழமை மடையைப் பற்றி நான் கேட்ட நான்கு கேள்விகளுக்கும் போனில் பதில் போட்டாய். நான் கல்லூரி நூலகத்தைப் பூட்டிவிட்டு வந்து படிப்பதற்குள் நான்கையும் அழித்துவிட்டாய். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்பதை நான்கு முறை படித்தேன். உன் நம்பரை எடுத்துவிட்டேன். இனி என்னிடம் ஏதாவது சொல்ல இருந்தால் தாளில் எழுது. தாளில் எழுதியதை நீ திரும்ப வாங்க முடியாது.

மடை நீ எழுதியது. அதில் எனக்குப் பங்கில்லை. கல்லூரியில் கடைசி வருஷம் நீ அதை எழுதிக்கொண்டிருந்தபோது அடுத்த மேசையில் இருந்தேன், அவ்வளவுதான். ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் ஒரு சிம் கார்டு. விவசாயி எங்கிருந்தாவது ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் வயலில் மோட்டார் ஓடும். இரண்டாவது மிஸ்டு காலில் நிற்கும். அந்தப் பெட்டியை இயக்கும் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று எழுதி நீ இணையத்தில் வைத்த அன்று உன்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. அந்த மரியாதையில்தான் தமிழில் ஒரு கையேடு எழுதித் தருகிறேன் என்றேன்.

ஏழு மாதம் அலைந்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓர் ஊர். பாடாலூரில் தொடங்கி மீன்சுருட்டிவரை, மடை மாட்டியவர்களையும் மாட்ட நினைப்பவர்களையும் தேடிப் போனேன். முன்பின் தெரியாதவர்களோடு பேசுவது எனக்கு எவ்வளவு சிரமம் என்று உனக்குத் தெரியும். பேசினேன். என்ன புரியவில்லை என்று கேட்டுக் கேட்டு, நோட்டில் நாற்பத்து மூன்று கேள்விகள் சேர்ந்தன. லப்பைக்குடிக்காட்டில் ஓர் அக்கா. கணவர் சவுதியில், தம்மாமில் வேலை பார்க்கிறார். மோட்டாரின் நம்பர் அவர் போனில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்துகொண்டே இங்கே தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார். அந்த அக்கா கேட்டது: “மச்சான் அங்கேருந்து போன் போடுற நேரத்துல நான் மோட்டாருகிட்ட நின்னா, எனக்கு எப்படித் தெரியுங்க?” அது பதினெட்டாவது கேள்வி. நீ அதற்குப் பதிலே தரவில்லை.

பதினேழாவது கேள்வி பாடாலூர் ஆண்டாயி அக்காவுடையது. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் மோட்டார் நின்ற நிலையிலேயே இருக்குமா, தானாக ஓடுமா? இதற்கு மட்டும் நீ உடனே பதில் சொன்னாய். மோட்டாருக்கு வேண்டிய மூன்று பேஸ் கரண்டும் வந்தால் இரண்டு நிமிஷத்தில் தானாக ஓடும். “அது கோட்லயே இருக்கு அனு, பார்த்தா தெரியும்.” யார் பார்த்தால்? ஆண்டாயி அக்கா பார்த்தாலா? அதற்காகவே நான்காம் பக்கம் முழுவதையும் ஒதுக்கினேன். நிறுத்துவது எப்படி, பழுது பார்க்கும்முன் என்ன செய்ய வேண்டும் என்று எழுதினேன்.

நேற்று மடையின் இணையப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இருபத்தாறு பக்கக் கையேட்டில் மூன்று பக்கம்தான் இருக்கிறது. பெட்டியை மாட்டுவது, சிம் போடுவது, மிஸ்டு கால் கொடுப்பது. மற்றதை எடுத்ததற்குக் காரணம் என்று நீ எழுதியிருப்பது இரண்டே சொல்: ‘தேவையற்ற பக்கங்கள்.’

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அனுசுயா

*

அரியலூர்
19 ஜனவரி 2025

அனு,

பேனா தேடவே அரை மணி நேரம் ஆனது. நீ கேட்டபடி தாளில் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்து ஏதும் சொல்லாதே.

முதலில், எடுத்ததற்குக் காரணம் உண்டு. மாதத்துக்கு இரண்டு முறை நான் நிரலை மாற்றுகிறேன். ஒவ்வொரு முறையும் உன் இருபத்தாறு பக்கத்தையும் யார் மாற்றுவது? பழசாகிப்போன கையேடு இல்லாத கையேட்டைவிட மோசம். அதை நம்பி ஒருவன் ஒயரை மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும்? இதை நீ யோசித்தாயா? நான் யோசித்தேன். அதனால்தான் எப்போதும் மாறாத மூன்று பக்கத்தை மட்டும் வைத்தேன்.

இரண்டாவது, தானாக ஓடுவதைப் பற்றி ஏதோ குற்றம் போல எழுதியிருக்கிறாய். மடையை எல்லோரும் எடுப்பதே அதற்காகத்தான். த்ரீ பேஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. விடியற்காலை வந்தால் எழுந்து ஓட வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் இந்தப் பெட்டி. சும்மா நின்று காத்திருக்கும் பெட்டி யாருக்கு வேண்டும்?

மூன்றாவது, இதையெல்லாம் நான் சும்மா செய்கிறேன். யாரையும் கூப்பிட்டு மாட்டிக்கொள் என்று சொல்லவில்லை. வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்தவர்கள் கொஞ்சம் கற்றுக்கொள்ளவும் வேண்டும். நிரல் திறந்துதான் கிடக்கிறது. நான் எதையும் ஒளிக்கவில்லை. கதவைத் திறந்து வைத்தவனிடம் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போ என்றால் எப்படி?

பெங்களூரில் ஒரு கம்பெனி மடையைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறது. அவர்கள் பார்ப்பது நிரலைத்தான். எந்தக் கையேட்டையும் அல்ல. உன் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வேலை இங்கே தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

நம்பரைத் திரும்பப் போட்டுக்கொள். தபாலில் சண்டை போட எனக்கு வராது.

முத்தமிழ்

*

பெரம்பலூர்
23 பிப்ரவரி 2025

முத்தமிழ்செல்வனுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம் என்றிருந்தேன். இப்போது எழுத வேண்டியதாகிவிட்டது.

மீன்சுருட்டி உத்திராபதி ஐயாவை உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். போன வருஷம் மடை மாட்டலாமா என்று என்னைக் கேட்டவர். தைரியமாக மாட்டுங்க ஐயா என்று சொன்னவள் நான். பொங்கல் முடிந்து மாட்டியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை கல்லூரி ஆபீசுக்குப் போன் போட்டு, நூலகத்துப் பெண் வேண்டும் என்று கேட்டார். “நீ சொன்ன பெட்டிதாம்மா” என்றார். போனை வைத்துவிட்டார்.

நேற்று மீன்சுருட்டிக்குப் போய்வந்தேன். என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுதுகிறேன். நீ வரிசையாகப் படி.

அவருடையது தரையில் வைத்த மோட்டார். தண்டு பம்புக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் கசிந்திருக்கிறது. இளையபெருமாள் என்ற மெக்கானிக்கைக் கூப்பிட்டார். நாற்பது வயது. சுற்றியுள்ள பத்து ஊர் மோட்டாருக்கும் அவர்தான். உன் பெட்டியை அவர் அதற்குமுன் தொட்டதில்லை. அதனால் வேலைக்கு வருமுன் மனைவி மலர்க்கொடியிடம் போனைக் கொடுத்து, கையேட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். நீ விட்டுவைத்த மூன்று பக்கத்தை. மூன்றாம் பக்கத்தின் அடியில் நான் எழுதிய வரி அப்படியே இருக்கிறது: ‘நிறுத்துவது, பழுது பார்ப்பது: அடுத்த பக்கம்.’ அடுத்த பக்கத்தை எடுத்த நீ அந்த வரியை எடுக்க மறந்துவிட்டாய். மலர்க்கொடி என்னிடம் சொன்னது: “நாலாவது பக்கம் வரும்னு தள்ளித் தள்ளிப் பாத்தேங்க. வரவே இல்ல. நெட்டு சரியில்லைன்னு நெனச்சுக்கிட்டேன்.”

சாதாரண ஸ்டார்ட்டரில் கரண்ட் போனால் சுவிட்ச் விழுந்துவிடும். திரும்பக் கரண்ட் வந்தாலும் யாராவது பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் மோட்டார் ஓடும். அதனால் இங்கே மெக்கானிக்குகள் பம்பில் கை வைப்பது த்ரீ பேஸ் இல்லாத நேரத்தில்தான். பியூஸைக்கூடப் பிடுங்குவதில்லை. தானாக ஓடுகிற பெட்டிகளும் அவர்களுக்குத் தெரியும். அவற்றில் வெளியே ‘ஆட்டோ’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் பார்த்தால் பியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். இளையபெருமாளுக்கு வலது கையில் பெரிய கட்டு. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“கரண்டு இல்லாத நேரந்தாம்மா எங்களுக்கு வேல நேரம். ஆட்டோ சுச்சு இருக்கான்னு பெட்டியச் சுத்திச் சுத்திப் பாத்தேன். இல்ல. அப்ப சாதாப் பெட்டிதான்னு கைய வச்சேன்.”

உன் பெட்டியில் அந்த சுவிட்ச் வெளியே இல்லை. நிரலுக்குள் இருக்கிறது. பார்த்தால் தெரியும்.

கரண்ட் திரும்பி வந்த இரண்டு நிமிஷத்தில், அவர் கை தண்டில் இருக்கும்போதே மோட்டார் ஓடியது. ஆள்காட்டி விரலும் நடு விரலும் போய்விட்டன. ஸ்பேனர் பிடிக்கிற கை.

அனுசுயா

*

அரியலூர்
27 பிப்ரவரி 2025

அனு,

கடிதத்தை அம்மாதான் வாங்கி வைத்திருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே படித்துவிட்டேன். என்னடா என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன்.

எனக்குத் தெரியாது. அந்த வரி அங்கே நின்றதும் தெரியாது, அப்படி ஒரு பழக்கம் மெக்கானிக்குகளிடம் இருப்பதும் தெரியாது. எங்கள் வீட்டில் மோட்டார் கிடையாது. நிரலை எழுதும்போது கரண்டும் சிக்னலும்தான் என் தலையில் இருந்தன. பக்கத்தில் ஒரு கை இருக்கும் என்று தோன்றவே இல்லை.

படித்த அன்றே மாற்றிவிட்டேன். இனி மடையை எடுப்பவர்களுக்கு மோட்டார் தானாக ஓடாது. வேண்டுமென்று அவர்களாக மாற்றினால்தான் ஓடும். அதாவது பிரச்சினை முடிந்துவிட்டது. இனி யாருக்கும் இது நடக்காது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைப் பற்றி இணையத்தில் எதுவும் எழுதாதே. பெங்களூர் வேலை உறுதியாகிவிட்டது. ஏப்ரல் ஒன்றாம் தேதி சேர வேண்டும். அவர்கள் தினமும் மடையின் பக்கத்தைப் பார்க்கிறார்கள். ஊரும் தேதியும் போட்டு ஒரு வரி வந்தாலும் என் கதை முடிந்தது. கேஸ் என்று யாராவது கிளம்பினால் அப்பாவால் தாங்க முடியாது. நடந்ததை நாம் இரண்டு பேர் எழுதி மாற்ற முடியாது.

இளையபெருமாள் அண்ணனுக்கு நான் ஏதாவது செய்ய வேண்டும். என்ன செய்வது என்று தெரியவில்லை. சொல்.

முத்தமிழ்

*

பெரம்பலூர்
3 மார்ச் 2025

முத்தமிழ்செல்வனுக்கு,

நீ நிரலை மாற்றியதைப் போய்ப் பார்த்தேன். என்ன மாற்றினாய் என்று சொல்லும் இடத்தில் இப்படி எழுதியிருக்கிறாய்: ‘சிறு திருத்தங்கள்.’

இதைப் படித்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் படித்தேன். சிறு. எது சிறியது? விரலா?

பிரச்சினை முடிந்துவிட்டது என்கிறாய். வயலில் மாட்டியிருக்கும் பெட்டி தன்னைத்தானே மாற்றிக்கொள்ளாது என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். யாராவது அதைக் கழற்றி, கம்ப்யூட்டரோடு ஒயர் மாட்டிப் புதிய நிரலை ஏற்ற வேண்டும். ‘சிறு திருத்தங்கள்’ என்று படித்துவிட்டு எவன் வயலுக்குப் போய்ப் பெட்டியைக் கழற்றுவான்? இன்றைக்கு இந்த இரண்டு மாவட்டத்திலும் எத்தனை பழைய பெட்டி இருக்கிறது? ஐம்பதா, ஐந்நூறா? உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒவ்வொன்றிலும் என்றாவது ஒருநாள் கசிவு வரும். ஒரு மெக்கானிக் வருவார். த்ரீ பேஸ் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வருவார்.

யாரிடம் போகிறது என்று கேட்காமல் கொடுத்தாய். அதுதான் அதில் அழகு என்று நினைத்தவள் நான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அப்படிக் கொடுத்ததால்தான் அந்த ஆட்களிடம் நாம் போய்ச் சேர வேறு வழியே இல்லை. அவர்கள் வந்து படிக்கிற அந்தப் பக்கம் ஒன்றுதான் இருக்கிறது. கடையில் விற்ற பொருளாக இருந்தால் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடுவார்கள். மலர்க்கொடி யாரிடம் போவாள்? அவள் போனைத்தான் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

கதவைத் திறந்து வைத்தவன் என்று எழுதினாயே, ஒரு மாதமாக அந்த வரி என் காதிலேயே நிற்கிறது. படிக்கத் தெரிந்தவனுக்கு மட்டும் திறக்கிற கதவை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நானும் சேர்ந்துதான் சொன்னேன்.

இளையபெருமாளுக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். அவரையே கேள். எனக்கு வேண்டியது ஒரு பக்கம். நிரலைப் படித்து நானே எழுதினால் அது என் ஊகம்தான். எந்தத் தேதிக்கு முந்தைய பெட்டிகளில் மோட்டார் தானாக ஓடும், எத்தனை நிமிஷத்தில் ஓடும், கையால் எப்படித் தடுப்பது, எதனால் இதை எழுதுகிறோம் என்பதையெல்லாம் எழுதியவனே சொல்ல வேண்டும், தன் பெயர் போட்டு. அது மடையின் பக்கத்தில் முதலில் நிற்க வேண்டும்.

மார்ச் பதினைந்துவரை பார்ப்பேன். அதற்குப் பிறகு மடையை முழுதாக நகலெடுத்து, எனக்குத் தெரிந்ததை எழுதி நானே வெளியிடுவேன். எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், கொடுக்கலாம் என்று நீயே எழுதி வைத்திருக்கிறாய். உன்னிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அனுசுயா

*

அரியலூர்
8 மார்ச் 2025

அனுசுயாவுக்கு,

மிரட்டுகிறாய். சரி. நானும் கொஞ்சம் பேசுகிறேன்.

அந்த மூன்று பக்கத்தை எழுதியது யார்? நீ. யார் எழுதியது என்று அதில் எங்காவது இருக்கிறதா? உன் பெயரைப் போடுகிறேன் என்று நான் மூன்று முறை கேட்டேன். வேண்டாம் என்றாய். போன் நம்பர் போடலாமா என்று கேட்டேன். ஐயோ வேண்டாம், கண்டவனும் கூப்பிடுவான், வீட்டில் பேச்சு வரும் என்றாய். என் நம்பராவது போடலாம் என்றால், அப்படியானால் உன் பெயர் மட்டும் நிற்கும், நான் எழுதியதற்கு நீ பதில் சொல்வாயா என்றாய். கடைசியில் யார் நம்பரும் இல்லை.

மலர்க்கொடி நாலாவது பக்கத்தைத் தேடியது எனக்கு வலிக்கிறது. ஆனால் அடியில் ஒரு நம்பர் இருந்திருந்தால் அந்தம்மா கூப்பிட்டுக் கேட்டிருப்பார். ஒரே ஒரு கேள்வி, ஒரு நிமிஷப் பேச்சு. இதை நீ யோசித்திருப்பாய். உன் கடிதத்தில்தான் அது வரவில்லை. நான் அழிக்கிறவன் என்றால் நீ ஒளிகிறவள். உன் பெயர் எங்கேயும் இருக்கக் கூடாது, என் பெயர் மட்டும் முதல் வரியில் நிற்க வேண்டும்.

வேலை போனால் உனக்கென்ன? உனக்கு ஒரு நூலகம் இருக்கிறது, சாவி இருக்கிறது, மாலையானால் பூட்டிவிட்டுப் போகலாம். நான் இந்த ஊரில் மூன்று வருஷமாக, சிமெண்ட் கம்பெனியிலாவது சேரக் கூடாதா என்று தெருவே கேட்கக் கேட்க, சும்மா கொடுத்துக்கொண்டிருந்தவன்.

நகலெடுத்துப் போடு. உன் பெயரில் போடு. போடுவாயா?

முத்தமிழ்செல்வன்

*

பெரம்பலூர்
12 மார்ச் 2025

முத்தமிழ்,

போடுவேன்.

நீ எழுதியது சரி. மீன்சுருட்டியிலிருந்து திரும்பி வந்த பஸ்ஸிலேயே அது எனக்குத் தோன்றிவிட்டது. உனக்கு இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டிலும் அதை எழுதவில்லை. உன்மேல் கோபமாக இருப்பது சுலபமாக இருந்தது.

பெயர் போடாததை அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் படித்த புத்தகங்களில் எழுதியவரை நான் தேடியதில்லை. எழுத்து போதும் என்றுதான் இருந்தேன். ஆனால் கையேடு அப்படிப்பட்ட எழுத்து இல்லை. படிக்கிறவர் கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு படிக்கிறார். ஒரு வரி புரியாவிட்டால் அவருக்கு அந்த நிமிஷமே ஆள் வேண்டும். நான் அந்த இடத்தில் இல்லை. யாரோ நூலகத்துப் பெண் என்று தேடிக் கல்லூரி ஆபீஸ்வழியாக என்னைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, அதுவும் எல்லாம் முடிந்த பிறகு.

இதனால் உன்மேல் உள்ள கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே. இரண்டு பேர் செய்த தப்பைப் பாதிப் பாதியாகப் பிரித்து எடுத்துக்கொள்ள முடியாது. நீ செய்தது முழுசாக உன்னுடையது. நான் செய்தது முழுசாக என்னுடையது.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அடியில் என் பெயரும் என் போன் நம்பரும் எழுதியிருக்கிறேன். மேலே காலியாக விட்டிருக்கிறேன். அது உன் இடம். நிரப்பு.

வெளியிடுமுன் ஒன்று செய். அந்தத் தாளை மீன்சுருட்டிக்குக் கொண்டுபோ. இளையபெருமாளிடம் கொடுத்து, இதைப் படித்தால் வேலை செய்ய முடியுமா என்று கேள். எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது அப்படிக் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. கேள்விகளை வாங்கிக்கொண்டு வந்தேனே தவிர, பதில்களைத் திரும்பக் கொண்டுபோய் யாரிடமும் காட்டவில்லை.

தேதி மாறவில்லை. பதினைந்து.

அனுசுயா

*

அரியலூர்
17 மார்ச் 2025

அனு,

பதினைந்தாம் தேதி தாண்டிவிட்டது. நீ நகலெடுத்திருந்தால் தப்பில்லை. நான் பதினான்காம் தேதி மீன்சுருட்டிக்குப் போனேன். திரும்பி வந்து இரண்டு நாள் எதுவும் எழுத முடியவில்லை.

பெயரைச் சொன்னதும் இளையபெருமாள் அண்ணன் எழுந்து வந்து, “நீதான் அந்தப் பெட்டிக்காரனா” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மலர்க்கொடி அக்கா தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நீ சொன்னபடி தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. இடது கையால் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, “வா, மோட்டாருகிட்ட வச்சுப் படி” என்று நடக்க ஆரம்பித்தார். உத்திராபதி ஐயா வயல்வரைக்கும் மூன்று பேரும் நடந்தோம்.

அப்போது த்ரீ பேஸ் இல்லை. மலர்க்கொடி அக்கா என் தாளைப் படித்தார். நான் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதியது. பிப்ரவரி இருபத்தாறுக்கு முன் நிறுவிய பெட்டிகளில் தானியங்கி மறுதொடக்கம் இயல்பாகச் செயலில் இருக்கும் என்று தொடங்கியிருந்தேன். அண்ணன் கையை நீட்டி நிறுத்தினார். “இது யாருக்கு எழுதுன?” என்றார். எல்லோருக்கும் அண்ணே என்றேன். எனக்குப் புரிகிற மாதிரி அதையே வாயால் சொல் என்றார். சொன்னேன். கரண்ட் வந்தால் ரெண்டு நிமிஷத்தில் தானா ஓடும் என்றேன். “அத எழுதறதுக்கு என்ன கொறச்சல்?” என்றார். பிறகு அவர் கேட்டதுதான் மூன்று நாளாக என்னோடு இருக்கிறது.

“ஓட்டுறதுக்கு நாங்க போதும், நிறுத்துறதுக்கு மட்டும் இன்ஜினியரு வேணுமாடா?”

அங்கேயே தாளின் பின்பக்கம் எழுதினேன். ஒவ்வொரு வரியாக அக்கா படிக்க, அவர் இடது கையால் அதைச் செய்து பார்த்தார். மூன்றாவது வரியில் ‘பியூஸ் கட்டையைப் பிடுங்கவும்’ என்று இருந்தது. பிடுங்கினார். பிடுங்கிவிட்டு என்னைப் பார்த்து, “இப்ப இத எங்க வைக்க?” என்றார். பெட்டி மேல் வைக்கலாம் என்றேன். சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அது ஒருமுறைதான். பெட்டி மேல் வைத்தால் வயலுக்கு வருகிற யாராவது, ஐயோ பியூஸ் கழன்று கிடக்கிறதே என்று உதவி செய்வதாக நினைத்து மாட்டிவிடுவார்களாம். அப்படி மாட்டியதில் தா.பழூர் பக்கம் ஒரு மெக்கானிக்கின் உயிரே போய்விட்டதாம். கட்டையைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “எழுதிக்க” என்றார். எழுதிக்கொண்டேன்.

மூன்று வருஷத்துக்கு மேலாக அந்த நிரலை எழுதுகிறேன். அந்தச் சட்டைப் பை அதில் எங்கேயும் இல்லை.

பெங்களூருக்கு நானே எழுதிவிட்டேன். என்ன நடந்தது, என்ன வெளியிடப் போகிறேன் என்று. யோசித்துச் சொல்வதாகப் பதில் வந்திருக்கிறது. அப்பாவிடமும் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போனார். அதைப் பற்றி இப்போது எழுத வேண்டாம்.

பக்கம் இதுதான். சரியாக இருந்தால் நீயே ஏற்று. மடையில் எதையும் சேர்க்கவும் எடுக்கவும் என்னைப் போலவே உனக்கும் உரிமை கொடுத்திருக்கிறேன். உன் சம்மதம் இல்லாமல் எதுவும் மாறாதபடி வைத்துவிட்டேன், இனி உன்னைக் கேட்காமல் ஒரு பக்கத்தையும் நான் எடுக்க முடியாது.

‘மடை மாட்டியவர்கள் முதலில் படிக்க வேண்டியது.

இந்தப் பெட்டியில் வெளியே ஆட்டோ சுவிட்ச் இருக்காது. ஆனாலும் 26 பிப்ரவரி 2025-க்கு முன் மாட்டிய பெட்டி என்றால், கரண்ட் வந்த இரண்டு நிமிஷத்தில் மோட்டார் தானாக ஓடும். எப்போது மாட்டியது என்று தெரியாவிட்டால் பழைய பெட்டி என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் இல்லை என்று நம்பி மோட்டாரில் கை வைக்காதீர்கள். முதலில் மூன்று பியூஸ் கட்டையையும் பிடுங்குங்கள். பிடுங்கிய கட்டையைப் பெட்டி மேல் வைக்காதீர்கள், இன்னொருவர் கையில் கொடுக்காதீர்கள். உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்து எல்லோரும் தள்ளி நின்ற பிறகு நீங்களே மாட்டுங்கள்.

இதை நாங்கள் முன்பே எழுதியிருக்க வேண்டும். எழுதிய பக்கத்தை எடுத்தவன் நான். அதனால் பிப்ரவரி மாதம் மீன்சுருட்டியில் ஒருவருக்கு இரண்டு விரல் போனது.

சொன்னவர்: இளையபெருமாள், மோட்டார் மெக்கானிக், மீன்சுருட்டி.
நிரலை எழுதியவர்: முத்தமிழ்செல்வன், அரியலூர்.
கையேடு: அனுசுயா, பெரம்பலூர்.’

அவர் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். முதலில் போடு என்றார்.

உன் நம்பருக்குக் கீழே என் நம்பரையும் எழுதியிருக்கிறேன்.

முத்தமிழ்

*

பெரம்பலூர்
23 மார்ச் 2025

முத்தமிழ்,

நான் நகலெடுக்கவில்லை. பதினைந்தாம் தேதி கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தேன். மேலே காலியாக இருந்த இடத்தில் எனக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் உன்னைத் திட்டுவதாகவே இருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

பக்கத்தை ஏற்றிவிட்டேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ‘சிறு திருத்தங்கள்’ என்ற குறிப்பை மட்டும் எடுத்துவிட்டு, என்ன மாற்றப்பட்டது, எதனால் என்று இரண்டு வரி எழுதினேன். நீ எடுத்த இருபத்து மூன்று பக்கத்தையும் திரும்ப வைத்தேன். பழசாகிப்போன கையேடு மோசம் என்று எழுதினாயே, அது சரியான பேச்சு. அதற்கு வழி கையேட்டை எடுத்துவிடுவது இல்லை. இனி நீ நிரலை மாற்றுகிற அன்றே எந்தப் பக்கம் மாற வேண்டும் என்று எனக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உன் மாற்றத்தை நான் ஏற்ற மாட்டேன். எனக்கும் அந்த உரிமையைக் கொடுத்துவிட்டாய். நான் பயன்படுத்துவேன்.

மூன்று நாளில் பதினொரு பேர் என்னைக் கூப்பிட்டார்கள். முதல் போனிலேயே பாடாலூர் ஆண்டாயி அக்கா. “ஏம்மா, இதத்தான நான் போன வருஷமே கேட்டேன்?” என்றார். ஆமாங்க அக்கா என்றேன். நான்கு பேர் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டார்கள். ஒருவர் உன்னைத் திட்டினார். ஒருவர் என்னைத் திட்டினார், அதுவும் ஒரு பெண் எதற்கு இந்த வேலையெல்லாம் பார்க்கிறாய் என்று. முழுதாகக் கேட்டுவிட்டு, உங்கள் பெட்டியை எப்போது மாட்டினீர்கள் என்று கேட்டேன். டிசம்பராம். சட்டைப் பையைப் பற்றிச் சொன்னேன். திரும்பச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

மலர்க்கொடியும் கூப்பிட்டாள். இளையபெருமாள் மறுபடி வேலைக்குப் போகிறாராம். இடது கையில் ஸ்பேனர் பிடித்துப் பழகுகிறாராம். நழுவி நழுவி விழுகிறதாம். எடுத்துக் கொடுக்க அவளும் கூடவே போகிறாளாம். இதற்கு எந்தக் கையேட்டிலும் பக்கம் கிடையாது. உன்மேல் இருக்கும் கோபம் எனக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று நான் முயற்சி செய்யவும் இல்லை. அந்த ஸ்பேனர் விழுகிற சத்தம் அவள் பேசும்போதே போனில் கேட்டது.

பெங்களூர் என்ன சொன்னது என்று நான் கேட்க மாட்டேன். நீ எங்கே இருந்தாலும் எழுதலாம்.

பதினேழாவது கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. பதினெட்டு: லப்பைக்குடிக்காட்டு அக்கா மோட்டாருக்குப் பக்கத்தில் நிற்கிறார். கணவர் தம்மாமிலிருந்து மிஸ்டு கால் கொடுக்கிறார். மோட்டார் ஓடுவதற்கு முன் அந்த அக்காவுக்கு எப்படித் தெரியும்?

நிரலில் இருக்கிறது என்று சொல்லாதே. தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

அனுசுயா